அவுட்ஸ்டாண்டிங் ஸ்கூல் லிஸ்ட் கேட்ட தோழிக்கு

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தோழி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். கணவருக்கு லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலையில் குடும்பத்தோடு வருகிறார்கள், மகளுக்கு ஆறு வயது. "ஹாரோ பக்கம் அவுட்ஸ்டாண்டிங் ஸ்கூல் லிஸ்ட் இருந்தா அனுப்புடி, அதை வச்சுத்தான் வீடு பாக்கணும்" என்று. பதில் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், சரிப்படவில்லை, ராத்திரி கூப்பிட்டே பேசிவிட்டேன். அவள் கேட்ட அந்தச் சொல்லை இங்கே இப்போது எந்தப் பள்ளிக்கும் புதிதாகக் கொடுப்பதில்லை. ஒரு மணி நேரம் பேசியும் மனதில் பாக்கி நிறைய இருந்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இங்கே வரப்போகிற, அல்லது வந்து வீடு தேடிக்கொண்டிருக்கிற வேறு யாருக்காவதும் உதவலாம்.

இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்பின் பெயர் ஆஃப்ஸ்டெட். ஜான் மேஜர் பிரதமராக இருந்தபோது 1992-இல் வந்த சட்டத்தில் உருவானது. ஆய்வாளர்கள் இரண்டு நாள் பள்ளிக்கு வருவார்கள், வகுப்பில் உட்காருவார்கள், பிள்ளைகளின் நோட்டைப் புரட்டுவார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளிடமே பேசுவார்கள். அப்புறம் ஒரு அறிக்கை. அந்த அறிக்கையின் தலையில் 2024 வரை ஒரு சொல் இருக்கும். அவுட்ஸ்டாண்டிங், குட், ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட், இனடிக்வட், மேலிருந்து கீழாக இந்த நான்கில் ஒன்று. முழு அறிக்கையையும் படித்த பெற்றோர் எத்தனை பேரோ, அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். பள்ளி வேலியில் பெரிய பேனராகவே கட்டியிருப்பார்கள், ஊரில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் படமும் மார்க்குமாக ஃப்ளெக்ஸ் வைப்பார்களே, அது மாதிரி. வீட்டுத் தரகர்களின் விளம்பரத்தில் 'இரண்டு படுக்கையறை, ரயில் நிலையம் அருகில்' என்பதற்குப் பக்கத்திலேயே அந்தச் சொல்லும் இருக்கும்.

நாங்களும் அப்படித்தான் வீடு பிடித்தோம். இங்கே பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் தூரத்தைப் பார்ப்பார்கள், பள்ளிக்கு அருகில் இருக்கும் பிள்ளைக்கு முதலில் இடம். போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்பதைக் கவுன்சில் வெளியிடும், அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வீடு பார்த்தோம். எங்கள் சக்திக்கு மீறிய வாடகை. சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி வராந்தாவில், பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி படித்துக்கொண்டிருக்க, வெளியே நாங்கள் பேசுவது முழுக்க இதுதான். எந்தத் தெரு உள்ளே வரும், எது வராது.

மகன் அந்தப் பள்ளியில் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் அறிக்கையை உட்கார்ந்து படித்தேன். தேதி பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தையது! அதில் புகழ்ந்திருந்த தலைமையாசிரியர் அப்போது அங்கே இல்லை. எப்படி இவ்வளவு காலம் யாரும் வந்து பார்க்காமல் இருந்தார்கள் என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 2012-இலிருந்து 2020 வரை, அவுட்ஸ்டாண்டிங் வாங்கிய பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கு கொடுத்திருந்தார்கள். புகார் வந்தாலோ மார்க் சரிந்தாலோ ஒழிய ஆய்வாளர் அந்த வாசலை மிதிக்க மாட்டார். அந்த விலக்கை எடுத்த பிறகு, 2021-22 கல்வியாண்டில் மறுபடி முழு ஆய்வுக்கு உட்பட்ட அத்தகைய பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் அந்தப் பட்டத்தை இழந்தன. அத்தனை பள்ளிகளும் கெட்டுப்போய்விட்டன என்று நான் சொல்லவில்லை, நடுவில் ஆய்வின் அளவுகோலும் மாறியிருந்தது, நெடுநாள் பார்க்காத பள்ளிகளையும் சரிவு தெரிந்த பள்ளிகளையும் முதலில் பார்த்தார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி வீடு மாறியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்!

என் மகனுக்குப் பேச்சு தாமதம். நாலரை வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசக் கஷ்டப்பட்டான். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், அதனால்தான் குழப்பம், காலப்போக்கில் சரியாகிவிடும் என்று வகுப்பாசிரியர் சொன்னார். ஒரு வருடம் அதையே சொன்னார்கள். குரலில் கனிவு இருந்தது, அதனால் நானும் நம்பினேன். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை என்று பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னபோது, அந்த ஒரு வருடத்தை நினைத்து நான் அழுதிருக்கிறேன்.

வாடகை கட்டுப்படியாகாமல் வீடு மாறினோம். அந்தப் பகுதியில் இடம் இருந்த பள்ளி ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட். தமிழ்ப்பள்ளி வராந்தாவில் சொன்னபோது ஒருவர் "ஐயோ, அங்கயா?" என்றே கேட்டார். முதல் வாரமே அந்தப் பள்ளியின் சென்கோ, அதாவது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பாசிரியர், என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். ஒரு மாதத்தில் ஸ்பீச் தெரபி பட்டியலில் பெயர் ஏறியது. மகன் இப்போது வீட்டில் பேசுகிற பேச்சுக்கு ஃபோனைக் காதில் வைக்க முடியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, ஆஃப்ஸ்டெட் சொன்னது தப்பு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படி இல்லை. அந்தப் பள்ளியின் அறிக்கையையும் வரிவரியாகப் படித்தேன். இரண்டு, மூன்றாம் வகுப்புகளில் கணக்குப் பாடம் ஒழுங்கான வரிசையில் போகவில்லை, ஒரு ஆசிரியர் விட்ட இடத்தை அடுத்தவர் பிடிப்பதில்லை என்று எழுதியிருந்தது. அச்சு அசலாக உண்மை. என் மகன் வகுப்பிலேயே பார்த்தேன், பின்னத்தை மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதே அறிக்கையின் கீழ்ப்பகுதியில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை நன்றாகக் கவனிக்கிறார்கள் என்ற வரியும் இருந்தது. அதுவும் உண்மை. ஆய்வாளர்கள் இரண்டையும் கண்டுபிடித்திருந்தார்கள், எழுதியும் வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து ஒரே சொல்லாக்கி மேலே ஒட்டியபோதுதான் எங்களுக்கு வேண்டியது காணாமல் போனது. எனக்குக் கோபம் ஆய்வின் மேல் கிடையாது. அந்த ஒட்டுச் சொல்லின் மேல்தான்.

ஆய்வே வேண்டாம் என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். தஞ்சாவூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் படித்தவள் நான். ஏ.இ.ஓ., அதாவது பள்ளியைப் பார்வையிடும் கல்வி அதிகாரி, வருகிறார் என்றால் முதல் நாளே தெரிந்துவிடும். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம், பீரோவுக்குள் இருந்த சார்ட்டெல்லாம் சுவருக்கு வரும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முன் வரிசைக்கு வருவோம், தடுமாறுகிறவர்கள் பின்னால் போவார்கள். அவர் வந்து வருகைப் பதிவேடும் பாடக்குறிப்பும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், என்னை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்பார், போய்விடுவார். பின் வரிசையில் இருந்தவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவர் என்ன எழுதினார் என்பது எங்கள் அப்பா அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலே என்னோடு ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் வெளியாள் ஒருவர் வந்து பின் வரிசைப் பிள்ளையிடமும் நோட்டை வாங்கிப் பார்த்து, பார்த்ததை ஊரறிய எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

மகன் இரண்டாம் பள்ளியில் நிலைகொண்ட பிறகு, பெற்றோர் சார்பில் அதன் நிர்வாகக் குழுவுக்கு நின்றேன், தேர்வானேன். இங்கே அதற்குக் கவர்னர் என்று பெயர், சம்பளம் கிடையாது. 2022 இலையுதிர் காலத்தில் எங்களுக்கு ஆய்வு வந்தது. முதல் நாள் ஃபோன், மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆட்கள். அந்த இரண்டு நாளும் எங்கள் தலைமையாசிரியர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மாலை கவர்னர்களையும் உட்காரவைத்து முடிவைச் சொன்னார்கள். குட். தலைமையாசிரியர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. முப்பது வருடமாக வேலை பார்க்கும் ஒரு மனுஷி. அறிக்கை வெளிவரும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள், நல்ல செய்தியைக்கூடப் பல வாரம் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தேன். கெட்ட செய்தியாக இருந்திருந்தால் அவர் அதைத் தனியாக எப்படிச் சுமந்திருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 2023-இல் அந்தச் செய்தி வந்தது. ரெடிங் நகரத்தில் காவர்ஷம் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் ரூத் பெர்ரி, ஜனவரி 8 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பர் 2022-இல், அவருடைய பள்ளியில் ஆய்வு நடந்திருந்தது. 2009-க்குப் பிறகு அப்போதுதான் முதல் ஆய்வு. அவுட்ஸ்டாண்டிங்காக இருந்த பள்ளி ஒரேயடியாக இனடிக்வட் ஆகப்போகிறது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கற்பித்தல் குட், நடத்தை குட், ஆளுமை வளர்ச்சி குட், மழலை வகுப்பு குட். தலைமையும் நிர்வாகமும் என்ற ஒரு பிரிவு மட்டும் இனடிக்வட், அதற்குக் காரணம் பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்த பதிவேடுகளிலும் பயிற்சியிலும் அவர்கள் கண்ட குறைகள். பாதுகாப்பில் ஓட்டை இருந்தால் பள்ளி முழுவதற்கும் அந்தக் கடைசிச் சொல்தான் அப்போது. அதே பள்ளியை ஜூன் 2023-இல், ஏழே மாதத்தில், மறுபடி பார்த்து குட் என்றார்கள். ஏழு மாதத்தில் சரிசெய்யக்கூடிய குறைக்கு எப்பேர்ப்பட்ட சொல்! அந்த டிசம்பரில் மரண விசாரணை நடத்திய அதிகாரி, ஆஃப்ஸ்டெட் ஆய்வும் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். ஆய்வின் சில பகுதிகளில் நியாயமும் மரியாதையும் பரிவும் இல்லை என்றும் சொன்னார். விசாரணைச் செய்திகளைப் படித்த நாள் முழுக்க, ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற எங்கள் தலைமையாசிரியரின் முதுகு என் கண்ணிலேயே நின்றது.

ரூத் பெர்ரியின் சகோதரி ஜூலியா வாட்டர்ஸ் விடாமல் பேசினார், ஆசிரியர் சங்கங்கள் பேசின. ஜனவரி 2024-இல் புதுத் தலைமை ஆய்வாளராக மார்ட்டின் ஆலிவர் வந்ததும் ஆய்வுகளைச் சில வாரம் நிறுத்தி, ஆய்வாளர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவை யாரிடம் பகிரலாம் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். செப்டம்பர் 2024 முதல் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் ரத்து. ஆய்வு வருகிறது என்ற ஃபோனும் வழக்கமாகத் திங்கட்கிழமைதான் என்று ஆனது. வாரம் முழுக்க ஒவ்வொரு ஃபோனுக்கும் அலுவலக அம்மா பதறுவதை நான் பார்த்திருக்கிறேன், சின்ன மாற்றம்தான், ஆனாலும் நல்லது.

நவம்பர் 10, 2025-இலிருந்து முழுசாகப் புது முறை, ரிப்போர்ட் கார்டு என்று பெயர். பள்ளியைத் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். பாடத்திட்டமும் கற்பித்தலும், பிள்ளைகளின் தேர்ச்சி, வருகையும் நடத்தையும், ஆளுமை வளர்ச்சியும் நலனும், தலைமையும் நிர்வாகமும், அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த புதுப் பிரிவு, இன்க்ளூஷன். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள், வறுமையில் இருக்கும் பிள்ளைகள், இவர்களை அந்தப் பள்ளி எப்படிச் சேர்த்து அணைத்துக்கொள்கிறது என்பது தனியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி. மழலை வகுப்போ பதினாறு வயதுக்கு மேற்பட்ட வகுப்போ இருந்தால் அதற்கும் தனி. ஒவ்வொரு பிரிவுக்கும் மேலிருந்து கீழாக ஐந்து படியில் ஒன்று, எக்ஸெப்ஷனல், ஸ்ட்ராங், எக்ஸ்பெக்டட், நீட்ஸ் அட்டென்ஷன், அர்ஜென்ட் இம்ப்ரூவ்மென்ட். பாதுகாப்பை இந்தப் படிகளிலிருந்து பிரித்து, தேவை பூர்த்தியாகிறதா இல்லையா என்று மட்டும் சொல்கிறார்கள். ஒட்டுமொத்தச் சொல் கிடையாது.

இந்தக் கார்டு நான் வீடு தேடிய காலத்தில் இருந்திருந்தால், முதல் பள்ளியின் இன்க்ளூஷன் கட்டத்தைத்தான் முதலில் பார்த்திருப்பேன். அதுவே எனக்குப் பெரிய முன்னேற்றம்.

ஆனால் மனசு முழுசாக ஒப்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சொற்களை எடுத்துவிட்டு இன்னும் அதிகச் சொற்களைக் கொடுத்திருக்கிறார்கள். வராந்தாவில் இப்போதே கணக்கு ஆரம்பித்துவிட்டது, "அவங்களுக்கு நாலு ஸ்ட்ராங், இவங்களுக்கு ரெண்டுதான்" என்று. எக்ஸ்பெக்டட் என்றால் வைக்கவேண்டிய தரத்தைச் சரியாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அது எளிதாக வாங்கக்கூடியதும் இல்லை, அந்தப் படிக்கான அத்தனை வரையறைகளும் பூர்த்தியாக வேண்டும். நம் பெற்றோர் காதில் அது 'சுமார்' என்று விழுகிறது. தலைமையும் நிர்வாகமும் என்ற கட்டம் அப்படியே இருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம். இருநூறு பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் தலைமை என்றால் ஒரே ஒரு ஆள். அந்தக் கட்டத்தில் எது எழுதினாலும் அது அவர் நெற்றியில் எழுதியதுதான். ஆஃப்ஸ்டெட்டே வெளியாரிடம் கேட்டு வாங்கிய மதிப்பீட்டில், புது முறையும் தலைமையாசிரியர்கள் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்கவில்லை என்று வந்தது. தலைமையாசிரியர் சங்கம் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, பலன் இல்லை.

வேல்ஸில் இதைவிட நேராகச் செய்திருக்கிறார்கள். அங்கே எஸ்டின் என்று தனி அமைப்பு, 2022-இலிருந்து எந்தப் பிரிவுக்கும் தரச் சொல்லே கொடுப்பதில்லை. எது நன்றாக நடக்கிறது, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதுகிறார்கள், அவ்வளவுதான். கார்டிஃபில் இருக்கும் என் நாத்தனார், தன் மகளுக்குப் பள்ளி பார்த்தபோது அறிக்கையை முழுக்கப் படித்தாள், படிக்காமல் எதுவும் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதால். நூலகத்தில் எத்தனை பிள்ளைகள் விருப்பப்பட்டுப் புத்தகம் எடுக்கிறார்கள் என்பதுவரை என்னிடம் சொன்னாள். இங்கேயும் ஒருநாள் அப்படி வரவேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன். பள்ளியை மேற்பார்வை பார்க்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு அளவுகோல் வேண்டும்தான், எந்தப் பள்ளிக்கு அவசரமாக உதவி தேவை என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டுமே. அதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், வேலியில் பேனராகக் கட்டும் சொல்லாக அது ஆகவேண்டியதில்லை.

சரி, தோழிக்கு என்ன சொன்னேன் என்று சொல்கிறேன். முதலில் அறிக்கையின் தேதியைப் பார். புது முறையில் எல்லாப் பள்ளிக்கும் ஆய்வு முடிய இன்னும் சில வருடம் ஆகும், அதுவரை பல பள்ளிகளுக்குப் பழைய அறிக்கைதான் இருக்கும், பழைய சொல்லும் அதிலேயே இருக்கும், நடுவில் ஒரு வருடம் ஒட்டுமொத்தச் சொல் இல்லாமல் பிரிவுகளுக்கு மட்டும் பழைய சொற்களைக் கொடுத்ததும் இருக்கும், மூன்றையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுக் குழம்பாதே. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் கவுன்சிலில் விண்ணப்பிக்கலாம், எங்கே காலி இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் வீடு பார். பிரிவுகளுக்குக் கீழே இருக்கும் பத்திகளைப் படி. அப்புறம் பள்ளிக்கு நேரில் போய்ப் பார், பார்க்க விடுவார்கள், வேலை நாளில் பிள்ளைகள் இருக்கும்போது போ.

இவ்வளவும் பேசி, ஃபோனை வைக்கப்போகும் நேரத்தில்தான் தோழி மெதுவாகச் சொன்னாள். மகளுக்கு இடது காதில் ஹியரிங் எய்டு. சென்னைப் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்களாம், ஒரு வருடம் போராடித்தான் முன்னால் வரவைத்தாளாம். "இதையெல்லாம் முதல்லயே சொன்னா அங்க எடுக்க மாட்டாங்களோ?" என்று கேட்டாள். நான் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. லிஸ்ட் கேட்டு எழுதிய வாட்ஸ்அப்பில் இந்த விஷயம் ஒரு வார்த்தை இல்லை. அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

முதலிலேயே சொல்லு, அதனால் இடம் மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்றேன். மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கு ஃபோன் செய்தேன். 2023 அறிக்கை, பழைய முறை, குட். காது கேளாமை உள்ள பிள்ளைகள் இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்கள் எங்கே உட்காருகிறார்கள், அவர்களோடு வேலை செய்யும் ஆசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று சென்கோவிடம் கேட்க வேண்டும் என்றேன். அலுவலகத்தில் இருந்தவர் எதற்கு என்று கேட்கவே இல்லை, வியாழக்கிழமை ஒன்பதே காலுக்கு வாருங்கள், அப்போது வகுப்பு நடந்துகொண்டிருக்கும், பார்க்கலாம் என்றார். தோழி சார்பில் நான்தான் போகிறேன். கேட்கவேண்டியதை அவள் பதினொரு வரியில் எழுதி அனுப்பியிருக்கிறாள்.